தை மாதத்தில் விழித்த ஆமை

கரண்டியின் பின்புறத்தை யாரோ சீமெந்துத் தரையில் தேய்ப்பது போன்ற சத்தம் அது. ஒரு சாண் தூரம் தேய்த்து, நின்று, யோசித்து, மறுபடியும் ஒரு சாண் தேய்க்கும். ஜனவரி மாதக் கடைசியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பழைய வீடொன்றின் பின்தோட்டத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பாடமாக்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் அதைக் கேட்டேன். எழுந்து போய்ப் பூச்சட்டிகளுக்குப் பின்னால் பார்த்தால், முதுகில் ஈரமண்ணும் ஒரு காய்ந்த இலையும் ஒட்டியிருக்க, ஓர் ஆமை சுவரில் தன் ஓட்டை உரசியபடி வெயிலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருடம் குளிர்காலம் வரவேயில்லை என்று இன்றும் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லாரோ சந்தைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள் இருந்தன. குளிர்காலமானால் அந்தச் சுவர்கள் வேர்க்கும். அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து போர்வை மூட்டையை இழுத்து அவிழ்ப்பார். அந்த வருடம் மூட்டை அவிழவில்லை. உணவகச் சமையலறையில் வேலை செய்த அப்பா, தைப்பொங்கலன்று அரைக்கைச் சட்டையோடு பல்கனியில் நின்று, யாழ்ப்பாணத்து மார்கழியே இதைவிடக் குளிர் என்று ஊரில் இருந்த பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னது நினைவிருக்கிறது.

அம்மா வேலை செய்த வீடு பொலிதேயாமா நாடக அரங்கிலிருந்து நான்கு தெரு தள்ளி இருந்தது. வீட்டுக்காரி யோலாந்தா என்ற எண்பத்திரண்டு வயது அம்மையார், தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரைச் "சிக்னோரா" என்போம். ஒக்டோபரில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட பிறகு, சமையல், துப்புரவு, குளிப்பாட்டல் எல்லாமே அம்மாவின் பொறுப்பாகிவிட்டன. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விட்டதும் நான் நேரே அங்கே போய்விடுவேன். வீட்டின் முன்னறைகள் தெருவைப் பார்த்திருந்தன. சமையலறைக் கதவைத் திறந்து ஐந்து படி இறங்கினால் நான்கு பக்கமும் உயர்ந்த சுவர் சூழ்ந்த தோட்டம். "நெஸ்போலோ" என்று அங்கே சொல்லப்படும் மஞ்சள் பழ மரம் ஒன்று, ஒரு எலுமிச்சை, சுவரேறிப் படர்ந்த ஊதாப்பூக் கொடி, மூலையில் சப்பாத்திக் கள்ளி, துணி தோய்க்கும் பழைய கல்தொட்டி, அதன் அடியில் ஒரு வடிகால். அவ்வளவுதான். ஆனால் இரண்டு அறைக்குள் வளர்ந்த எனக்கு அது ஒரு காடு.

அம்மா அந்தக் காட்டை நம்பவில்லை. துணி காயப்போட மூன்றாம் படிவரை இறங்குவார், அதற்குக் கீழே கால் வைக்கமாட்டார். சுவரில் வெயில் காயும் பச்சை நிறப் "பல்லி" ஊரிலே பார்த்த அரணைபோல இருந்ததால், "அரணை கடிச்சால் மரணம், தள்ளி நில்லு பிள்ளை" என்பார். முதன்முதலில் அந்த வீட்டில் ஆமை இருப்பது தெரியவந்த நாளில் அவர் இரவுச் சாப்பாட்டையே ஒழுங்காகச் சாப்பிடவில்லையாம். "ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டு சொல்லுவினம். அங்கை போய் வேலைக்கு நிக்கலாமோ?" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பா, "ஆமை அங்கையே வளர்ந்தது. புகுந்தது நாங்கள்தான்" என்றாராம்.

அந்த ஆமையின் பெயர் பெப்பினா. சிக்னோராவின் கணவர் கல்யாணமான புதிதில் நகரின் ஓரத்துச் சியாகுல்லித் தோட்டங்களிலிருந்து தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. அவர் இறந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகியும் அது இருந்தது. அந்த நாட்டில் ஆமை வளர்ப்பதற்கும் பதிவுப் பத்திரம் வேண்டும். சிக்னோராவின் மேசை இழுப்பறையில் பெப்பினாவின் புகைப்படம் ஒட்டிய பத்திரத்தைப் பார்த்த அன்று அம்மா வாய்விட்டுச் சிரித்தார். வதிவிட அனுமதியான "பெர்மெஸ்ஸோ"வுக்காக நாங்கள் விடியற்காலையில் போய் வரிசையில் நிற்கும் ஆட்கள். "ஆமைக்கும் பெர்மெஸ்ஸோ இருக்கு. அதுவும் காலம் முடியாத பெர்மெஸ்ஸோ" என்று அப்பாவிடம் பல நாள் சொல்லிச் சிரித்தார்.

அன்று நான் ஓடிப்போய், பெப்பினா விழித்துவிட்டது என்று சொன்னபோது, சிக்னோரா நாற்காலியில் நிமிர்ந்தார். மகிழ்ச்சியும் கலக்கமும் ஒன்றாக அந்த முகத்தில் வந்தன. ஜனவரியின் கடைசி மூன்று நாட்களை அவர்கள் "மெர்லா"வின் நாட்கள் என்பார்கள். மெர்லா என்பது செம்மஞ்சள் அலகுடைய ஒரு கறுப்புக் குருவி. அந்த மூன்று நாளும் குளிர்ந்தால் வசந்தம் நேரத்துக்கு வரும், சுட்டால் வசந்தம் நடுவழியில் நின்றுவிடும் என்பது அவர் தாயார் சொன்னதாம். "இது எழும்பும் நேரமில்லை. மார்ச் பாதியில்தான் எழும்பவேண்டும்" என்றார். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியையும் ஒரு கொப்பியையும் கேட்டு வாங்கி, நான் சொன்னதை அப்படியே எழுதினார்.

கணவர் போன பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் தோட்டத்தில் முதலில் எதைக் கண்டார், என்றைக்குக் கண்டார் என்று அந்தக் கொப்பியில் அவர் எழுதி வந்திருக்கிறார். இந்த வருடம் படி இறங்க வைத்தியர் விடவில்லை. இரண்டு கண்ணிலும் படலம் வேறு, சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தால் தோட்டம் வெறும் பச்சைப் பூச்சாகத் தெரிந்தது. ஆகவே தினமும் மூன்று மணிக்கு என்னை அனுப்பினார். "போ, பிச்சிரித்தா, பார்த்துக்கொண்டு வா" என்பார். சிறுமியைச் சிசிலிக்காரர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் பார்த்தேன். தொட்டிக் கல்லில் கழுத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெயில் குடிக்கும் முதல் "லுச்சேர்த்தா", அதாவது அம்மாவின் அரணை. நாவல்பழ நிறத்தில் இறக்கை மின்ன, கொடியின் காய்ந்த தண்டைச் சுற்றிய பெரிய கருவண்டு. எலுமிச்சை இலைக்கு அடியில் ஆணும் பெண்ணுமாக மெர்லா இரண்டு, வாயில் வேர்நாரோடு. பிற்பகல்களில் தலைக்கு மேலே கீச்சிட்டுப் போகும் பச்சைக் கிளிக்கூட்டம். யாரோ கூட்டிலிருந்து தப்பவிட்ட கிளிகள் பெருகிப் பெருகி நகரமெங்கும் பரவியிருந்தன. அந்தத் தோட்டத்தில் அம்மா மதித்த ஒரே உயிர் அதுதான். கிளிச்சத்தம் கேட்டால் கையில் சவர்க்கார நுரையோடு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்.

எங்கள் வீட்டில் நான் கதைப்பதைக் கேட்க ஆளில்லை என்றில்லை; கேட்பவர்களுடைய கை ஒருநாளும் ஓய்வாக இருந்ததில்லை. இந்த வீட்டிலோ, நான் சொல்லும் சொல்லுக்காக ஒருவர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது எப்படிப்பட்ட போதை என்பதை இப்போது எழுதும்போதுதான் உணர்கிறேன். அதனால், பெப்ரவரித் தொடக்கத்தில் தோட்டம் ஒன்றுமே காட்டாத இரண்டு மந்தமான நாட்களுக்குப் பிறகு, மூன்றாம் நாள் வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல், தலையில் விசிறி வைத்த கொண்டலாத்திப் பறவை நெஸ்போலோக் கிளையில் வந்து உட்கார்ந்தது என்று சொல்லிவிட்டேன். எங்கள் வகுப்பறைச் சுவர்ப்படத்தில் அந்தப் பறவை இருந்தது. சிக்னோராவின் கண் நனைந்தது. "பன்னிரண்டு வருடமாக வரவில்லை" என்று சொல்லி எழுதினார். எனக்குப் பயமாக இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

பிறகு வானிலை மாறியது. ஒரே நாளில் காற்று வடக்கிலிருந்து திரும்பி, மூன்று நாள் ஆலங்கட்டி மழை கொட்டியது. நெஸ்போலோவின் பிஞ்சுகள் நிலமெங்கும் உதிர்ந்து கிடந்தன. மூன்று நாளும் கதவைத் திறக்க அம்மா விடவில்லை. நான்காம் நாள் மழை விட்டதும் இறங்கிப் போனேன். கல்தொட்டியின் அடியில் வடிகாலை இலைகள் அடைத்து, குளிர்ந்த தண்ணீர் தேங்கியிருந்தது. பெப்பினா அதற்குள் மல்லாந்து கிடந்தது. நான்கு காலும் வெளியே நீண்டிருந்தன; தலையும் உள்ளே இழுக்கப்படவில்லை.

நான் கத்தவில்லை. சமையலறை வாசலுக்குப் போய் அம்மாவைக் கையால் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அம்மா மூன்றாம் படியையும் தாண்டி, சேற்றுக்குள் இறங்கி வந்தார். ஊர்ந்து போகும் எதற்கும் அஞ்சும் அம்மா, குனிந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கி, திருப்பி, கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார்.

"செத்துப்போச்சுப் பிள்ளை" என்றார். "வெய்யிலை நம்பி எழும்பி வந்துட்டுது, பாவம்."

"சிக்னோராவுக்குச் சொல்லவேணும் அம்மா."

அம்மா முன்னறைப் பக்கம் பார்த்தார். "இப்ப வேண்டாம். மனிசி நேற்றுத்தான் ரெண்டு வாய் ஒழுங்காச் சாப்பிட்டது. புருசன் கொண்டுவந்த சாமான். கொஞ்சம் தேறட்டும், பேந்து ஆறுதலாச் சொல்லுவம்."

நெஸ்போலோ மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோம். அம்மா "சிவசிவா" என்று ஒரு கைப்பிடி மண் போட்டார். அன்று மூன்று மணிக்குச் சிக்னோரா கேட்டார்: "பெப்பினா மழையில் என்ன செய்தாள்?" அம்மா கட்டிலின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. நான், பெப்பினா சப்பாத்திக் கள்ளிக்கு அடியில் புகுந்துகொண்டது, நனையவேயில்லை என்றேன்.

அம்மா சொன்ன அந்தப் "பேந்து" வரவேயில்லை. ஒரு கிழமை போனதும் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. இரண்டு கிழமை போனதும் சொல்லவே முடியாததாகிவிட்டது. அம்மா என்னைச் சும்மா இருக்கத்தான் சொன்னார், கதை சொல்லச் சொல்லவில்லை. ஆனால் சிக்னோரா தினமும் கேட்டார், நான் தினமும் சொன்னேன். பெப்பினா கீரை தின்றது. மெர்லாவைக் கண்டு தலையை இழுத்தது. ஒரு பொய்யைத் தாங்க இன்னொன்று தேவைப்பட்டதால், பெப்பினா ஒரு முள்ளெலியோடு மூக்கும் மூக்கும் வைத்துப் பார்த்ததாகவும் ஒருநாள் சொன்னேன். சிக்னோரா எல்லாவற்றையும் எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வடக்கே தொரினோவில் இருந்த மகளுக்குத் தொலைபேசியில் வாசித்தும் காட்டினார். மார்ச் மாதம் பிறந்து கொடியில் மொட்டு வைத்தபோது, அவர் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அது என் பொய்யாலா, அம்மாவின் சூப்பாலா என்று என்னால் சொல்ல முடியாது.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய கிழமை மகள் பாவோலா வந்தார். ஐம்பது வயதிருக்கும்; களைத்த முகம், நல்ல குணம், எதையும் முடிக்காமல் விடாத ஆள். தாயாரின் காகித வேலைகளெல்லாம் அவர் கையில்தான். அம்மாவின் பெர்மெஸ்ஸோ மே மாதத்தில் முடிய இருந்தது. அதைப் புதுப்பிக்க, வேலை ஒப்பந்தத்தில் அவர் ஒப்பம் வைக்கவேண்டும். அப்பா நீல நிறக் கோப்பு ஒன்றில் எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்துவிட்டிருந்தார். அது சமையலறை அலமாரியின் மேல் இருந்தது.

வந்த அன்றே பாவோலா ஒரு கீரை இலையோடு தோட்டத்துக்கு இறங்கினார். பெப்பினா கள்ளிக்கு அடியில் தூங்குகிறது என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவர் கைவிளக்கோடு முழங்காலில் நின்று கள்ளியின் அடியை முழுக்கத் தேடினார். பிறகு மேல்வீட்டுக்காரரோடு பல்கனியைப் பார்த்துச் சிறிது நேரம் கதைத்தார். ஞாயிற்றுச் சந்தையில் இப்படிப்பட்ட ஆமைகள் நல்ல விலை போகும் என்று அந்த மனிதர் சொன்னது எனக்கும் கேட்டது.

பாவோலா உள்ளே வந்து சமையலறைக் கதவைச் சாத்தினார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அம்மாவின் இத்தாலிய மொழி பெயர்ச்சொற்களால் ஆனது. வினைச்சொற்களைக் கையால் காட்டிவிடுவார். முக்கியமான எதையும் நான்தான் மொழிபெயர்க்கவேண்டும்.

"தர்ஷி, அம்மாவிடம் சொல்" என்றார் பாவோலா, குரலை உயர்த்தாமல். "பெப்பினா இந்தத் தோட்டத்தில் இல்லை. சுவரேறிப் போயிருக்க முடியாது. வீட்டுச் சாவி எங்களையும் உங்களையும் தவிர வேறு யாரிடமும் இல்லை. யாராவது தெரிந்தவர்கள் கேட்டு, ஏதோ கஷ்டத்தில் கொடுத்திருந்தால் எனக்குப் புரியும். நான் பொலிசுக்குப் போகமாட்டேன். ஆனால் அது திரும்பி வரவேண்டும்."

கந்தோர்களிலும் வைத்தியசாலையிலும் அம்மாவுக்கு நான் எத்தனையோ தடவை மொழிபெயர்த்திருக்கிறேன். அதிகாரி எரிந்து விழுந்தால், "கொஞ்சம் பொறுக்கட்டாம் அம்மா" என்று மாற்றிச் சொல்வேன். கெட்ட சொல்லின் முள்ளை எடுத்துவிட்டுத் தாய்க்குக் கொடுக்க எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அன்று எதை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மா" என்றேன். "பெப்பினாவை நீங்கள் ஆருக்கோ குடுத்துட்டீங்களோ எண்டு கேக்கிறா. வித்துப்போட்டீங்களோ எண்டு."

அம்மா தண்ணீர்க் குழாயை மூடினார். "அப்பிடியே கேட்டவ?"

"ஓம். திருப்பித் தந்தால் பொலிசுக்குப் போகமாட்டாவாம்."

அவர் பார்வை ஒரு கணம் அலமாரியின் மேலிருந்த நீலக் கோப்புக்குப் போய்த் திரும்பியது. கையைத் துடைத்துக்கொண்டார். "சரி. இப்ப நான் சொல்லுறதை ஒரு சொல்லும் விடாமல் அவவுக்குச் சொல்லு. ஆமை மழைக்குள்ளை செத்துப்போச்சு. நான்தான் தாட்டனான். தாய்க்குச் சொல்ல வேண்டாம் எண்டு பிள்ளையை மறிச்சதும் நான்தான்."

ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். பாவோலா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியானால், நேற்று பெப்பினா கீரை தின்றது என்று என் அம்மாவிடம் சொன்னது யார்?"

"நான். என் அம்மாவுக்கு அது தெரியாது. மற்றப் பொய் எல்லாம் என்னுடையது" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் கதவுக்கு வெளியே கைத்தடியின் ரப்பர் நுனி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. சிக்னோரா தனியாகவே நடையைக் கடந்து வந்திருந்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "எங்கே புதைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் மரத்தைச் சொன்னதும், "என்னைக் கீழே கொண்டுபோங்கள்" என்றார்.

வைத்தியர் தடுத்திருக்கிறார் என்று பாவோலா சொன்னது எடுபடவில்லை. கடைசியில் சமையலறைக் கதிரையில் அவரை உட்கார வைத்து, ஒரு பக்கம் பாவோலாவும் மறுபக்கம் அம்மாவுமாக, ஒரு நிமிடத்துக்கு முன்னர் ஒருவருக்கொருவர் எதிராக நின்ற அதே இரண்டு பேர், மூச்சுப்பிடித்து ஐந்து படியும் இறக்கினார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் கால் மண்ணில் பட்டது. நான் சிறு மண்வெட்டியால் கிளறினேன். ஒரு சாண் ஆழத்தில் ஓட்டின் விளிம்பு தெரிந்தது. சிக்னோரா குனிய முடியாமல் கைத்தடியின் நுனியால் அதைத் தொட்டார். இரண்டு தடவை மெல்லத் தட்டினார், கதவைத் தட்டுவதுபோல. பிறகு, "போதும், மூடு" என்றார்.

அம்மா அவர் தோளில் சால்வையைப் போர்த்திவிட்டு, தள்ளி நின்றார்.

"பெப்பினாவுக்கு வயதாகிவிட்டது. மெர்லாவின் நாட்கள் சுட்டபோதே எனக்குப் பயம் இருந்தது" என்றார் சிக்னோரா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனால் நீ சொன்னவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எனக்கு இனித் தெரியாதே. இந்த வசந்தம் முழுவதையும் நீ என்னிடமிருந்து எடுத்துவிட்டாய். கொப்பியைக் கொண்டு வா."

கொண்டு வந்தேன். உருப்பெருக்கியைப் பக்கத்தின் மேல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். வாசித்துவிட்டு நிறுத்துவார். நான் பதில் சொல்லவேண்டும்.

தொட்டிக் கல்லில் லுச்சேர்த்தா. உண்மை. கருவண்டு. உண்மை. கொண்டலாத்தி. பொய். அவர் பென்சிலால் நேர்கோடு போட்டு, ஒரு கணம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெர்லாக்கள் கூடு கட்டியது. உண்மை, இந்த எலுமிச்சையிலேயே இருக்கிறது, மூன்று குஞ்சு என்றேன். பாவோலா எழுந்து போய் இலையை விலக்கிப் பார்த்து, "இருக்கிறது அம்மா" என்றார். பெப்பினா கீரை தின்றது. பொய். பெப்பினா கள்ளிக்கு அடியில் தூங்கியது. பொய். பொய். பொய். ஒரு பக்கம் முழுக்கக் கோடுகள் விழுந்தன. கடைசியில் முள்ளெலி வந்தது. "ரிச்சோ" என்று வாசித்து நிமிர்ந்தார்.

"பொய்" என்றேன்.

அதுவரை சுவரோரம் நின்ற அம்மா, "என்ன அது, ரிச்சோ எண்டால்?" என்று கேட்டார்.

"முள்ளெலி அம்மா. எலி மாதிரி, முதுகெல்லாம் முள்ளு."

அம்மா இரண்டு கையையும் குவித்து, விரல்களை விரித்து ஒரு பந்துபோலக் காட்டினார். "இப்பிடிச் சுருளுமோ?"

"ஓம்."

"அது பொய்யில்லை. நான் கண்டனான்" என்றார் அம்மா. பெப்பினாவைப் புதைத்த கிழமை, வடிகாலில் அடைத்த இலைகளை அள்ளக் குப்பைப் பையோடு இறங்கிய ஒரு மாலைப்பொழுதில், சப்பாத்திக் கள்ளிக்குப் பக்கத்தில் அதைக் கண்டாராம். எலி என்று நினைத்து விளக்குமாற்றால் தட்டப்போக, அது பந்தாகச் சுருண்டுகொண்டதாம். வீட்டில் எலி என்றால் தன் துப்புரவைத்தான் குறை சொல்வார்கள் என்று பயந்து ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் அதை மொழிபெயர்க்கத் தொடங்க முன்னரே, சிக்னோரா அம்மாவின் குவித்த கைகளைப் பார்த்து விளங்கிக்கொண்டார். "நீங்கள் கண்டீர்களா?" என்றார். அம்மா தலையாட்டி, "ஸி, சிக்னோரா. இயோ", அதாவது "ஆம், நான்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

சிக்னோரா அந்த வரியில் பெப்பினாவை மட்டும் அடித்தார், முள்ளெலியை விட்டுவிட்டார். கண்டவர் என்று என் பேரை எழுதியிருந்த இடத்தையும் அடித்து, பக்கத்தில் அம்மாவின் பேரை எழுதினார். "ரஞ்சினி" என்பதை எப்படி எழுதுவது என்று எழுத்து எழுத்தாகக் கேட்டார். அந்த வீட்டில் இரண்டு வருடமாக அம்மாவை எல்லோரும் "ரினா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அன்று மாலை புறப்படும்போது அம்மா ஒரு காரியம் செய்தார். வாசலில் நின்ற பாவோலாவின் முன்னால், நடையில் இருந்த மேசையின் மேல் தன் கைப்பையை வைத்து, வாயைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: சாவி, பஸ் சீட்டு, குடை, நான் பாதி கடித்த பிஸ்கோத்து. "பாருங்கோ" என்று தமிழிலேயே சொன்னார். மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. பாவோலா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "வேண்டாம், ரஞ்சினி, தயவுசெய்து வேண்டாம்" என்றார். அம்மா எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பல்லாரோவுக்குள் நுழையும் இடத்தில், "பொய் சொல்லப் பழக்கினது நான்தான். உன்னிலை பிழையில்லை" என்றார். எனக்கு அந்தச் சமாதானம் அன்றும் போதவில்லை, இன்றும் போதவில்லை.

மறுநாள் காலையில் ஒப்பந்தத்தில் ஒப்பம் விழுந்திருந்தது. பாவோலா அதை அம்மாவின் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். அம்மா ஏற்றுக்கொண்டார், ஆனால் அவர் ஊற்றிய கோப்பியை அன்று குடிக்கவில்லை. பெப்பினா இறந்ததைப் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க ஒரு படிவம் இருந்தது. அதை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் அந்த வீட்டில் முதல் சிரிப்புக் கேட்டது. இறந்த காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பாவோலா கேட்க, சிக்னோரா, "ஜனவரியை நம்பியது" என்றார்.

அதன் பிறகு சிக்னோராவை மேலே வைத்திருக்க யாராலும் முடியவில்லை. இரண்டு பேர் இருந்தால் கதிரையில் தூக்கி இறக்கச் சொல்வார். ஏப்ரலில், அரிவாள்போல வளைந்த சிறகுடைய "ரொந்தோனே" பறவைகள் ஆபிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தபோது, நான் அண்ணாந்து பார்க்க முன்னரே, "வந்துவிட்டன" என்றார். படலம் விழுந்த கண்ணுக்குக் காது முந்திக்கொண்டது. கோடைகாலத்தில் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். மூன்று மணிக்கு என்னை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லும் தேவை இல்லாமல் போயிற்று. அவரோடு சேர்ந்து பார்க்க எனக்குத் தடையிருக்கவில்லை. ஆனால் நான் சொல்வதற்காக ஒருவர் பேனையோடு காத்திருப்பது அத்தோடு முடிந்தது. அதை நான் இழந்தது நியாயம்தான் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

அவர் இன்னும் நான்கு வசந்தங்கள் இருந்தார். அம்மாவும் கடைசிவரை அங்கேதான் இருந்தார். பிறகு வீட்டை விற்றுவிட்டார்கள். எங்கள் மாடிப்படியில் இருந்த ஐந்து தமிழ்க் குடும்பங்களில் நான்கு ஒவ்வொன்றாக இங்கிலாந்துப் பக்கம் போயின. ஆறு வருடத்துக்கு முன்னர் அம்மாவும் அப்பாவும்கூடப் பெரியப்பா குடியேறியிருந்த லண்டனுக்குப் போய்விட்டார்கள். நான் இங்கேதான் இருக்கிறேன். ஒரு வைத்தியசாலையில், நோயாளிகள் சொல்வதை வைத்தியர்களுக்கும் வைத்தியர்கள் சொல்வதை நோயாளிகளுக்கும் மொழிபெயர்ப்பது என் வேலை.

இந்த வருடமும் குளிர்காலம் வரவில்லை. பெப்ரவரியில் ஒரு நாள், வேலை முடிந்து பொலிதேயாமா வழியாக வந்தபோது, அந்தத் தெருவுக்குள் திரும்பினேன். வீடு இப்போது பயணிகள் தங்கும் விடுதி. பின்தோட்டம் காலைச் சாப்பாட்டு இடமாகியிருக்கிறது. சுவரிலிருந்து சுவர்வரை சாம்பல் நிறக் கல் பதித்து, வெள்ளைக் குடைகள் விரித்திருக்கிறார்கள். நெஸ்போலோ இல்லை, எலுமிச்சை இல்லை, கள்ளியும் தொட்டியும் இருந்த மூலையில் குளிர்சாதனப் பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. பரிமாறிய பெண் கனிவானவள். வெளியார் யாருக்கும் இங்கே இடமில்லை என்றாலும், என் முகத்தைப் பார்த்து ஒரு கோப்பி கொண்டுவந்து தந்தாள். ஒரு மணித்தியாலம் இருந்தேன். வெயில் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஏதும் கண்டனியே?" என்றார்.

வயதான தாய், தூரத்துக் குளிரில் இருந்துகொண்டு கேட்கிறார். சுவரில் ஓர் அரணை நின்றது என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அம்மாவும் அன்று முழுவதும் அதை நினைத்துச் சந்தோசமாக இருப்பார்.

"இல்லை அம்மா" என்றேன். "ஒண்டையும் காணேல்லை."